தொப்புள்கொடி இரத்தம்: பூட்டி வைக்கவா, கொடுத்து உதவவா?

நெருங்கிய சொந்தத்தைக் குறிக்கத் தமிழில் 'தொப்புள்கொடி உறவு' என்றொரு வழக்கு உண்டு. தாயையும் சேயையும் பத்து மாதம் பிணைத்து வைத்திருந்த அந்தக் கொடியைக் குழந்தை பிறந்ததும் அறுத்துவிடுகிறோம். நஞ்சுக்கொடியைக் கொல்லைப்புறத்தில் குழி தோண்டிப் புதைப்பது நம் முன்னோர் வழக்கம். மருத்துவமனைகளிலோ அது கழிவோடு கழிவாகப் போய்விடுகிறது. அக்கொடிக்குள் எஞ்சி நிற்கும் சிறிதளவு இரத்தம் ஓர் உயிரை மீட்கும் மருந்தாகக்கூடும் என்பதை உலகம் உறுதியாக அறிந்துகொண்டது 1988-ஆம் ஆண்டில்தான்.

அந்த அறிவு இன்று வணிகமாகவும் வளர்ந்துள்ளது. கருவுற்ற பெண்களின் கைகளில் வண்ண வண்ணத் துண்டறிக்கைகள் திணிக்கப்படுகின்றன. 'உங்கள் குழந்தையின் கொடி இரத்தத்தை எங்களிடம் சேமித்து வையுங்கள். நாளை அதற்கு நோய் வந்தால் அதுவே மருந்து' என்று அவை ஆசை காட்டுகின்றன. பெருந்தொகை கேட்கிறார்கள், தவணை வசதியும் தருகிறார்கள். பிள்ளைக்காக எதையும் செய்யத் துணியும் பெற்றோர், கடன் பட்டேனும் கட்டிவிடலாமா என்று தவிக்கிறார்கள். இந்த வாக்குறுதியில் உண்மை எவ்வளவு? நம் குடும்பங்களையும் விட்டு வைக்காத தலசீமியா என்னும் இரத்த நோயை முன்வைத்து இக்கேள்விக்கு விடை தேடுவோம்.

இரத்தம் பிறக்கும் இடம்

நம் உடலில் ஓடும் இரத்தம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகிறது. உயிர்க்காற்றைச் சுமக்கும் சிவப்பணு, நோயை எதிர்க்கும் வெள்ளையணு, இரத்தப் போக்கைத் தடுக்கும் தட்டணு ஆகிய மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிறக்கின்றன. ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுவே அது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். பழையவை அழிய அழியப் புதியவற்றை மூல உயிரணுக்கள் ஓயாது படைத்துக்கொண்டே இருக்கின்றன.

சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவில் பழுது இருந்தால் தலசீமியா என்னும் நோய் உண்டாகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி 1925-இல் இதனை முதன்முதலாக விவரித்தார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணுவைப் பெற்றவருக்கு நோய் இல்லை. அவர் அதனைச் சுமப்பவர் மட்டுமே. இலேசான இரத்தக் குறைவைத் தவிர வேறு துன்பமின்றி அவர் நெடுங்காலம் வாழலாம். இருவரிடமிருந்தும் பழுதைப் பெற்ற குழந்தைக்கோ பிறந்த சில மாதங்களிலிருந்தே இரத்தம் வற்றத் தொடங்கும். அந்த நிலைக்குத் தலசீமியா மேஜர் என்று பெயர்.

இத்தகைய குழந்தைகள் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் பிறப்பதாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றினால்தான் அவர்கள் வாழ முடியும். ஏற்றும் ஒவ்வொரு அலகு இரத்தத்துடனும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்புச் சத்து உடலில் சேர்கிறது. அதனை வெளியேற்றும் வழி நம் உடலுக்கு இயல்பில் இல்லை. கல்லீரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படியும் அந்த இரும்பை அகற்றத் தனி மருந்துகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். இவ்வாறு இரத்தத்திற்காகவும் மருந்திற்காகவும் மாதந்தோறும் ஓடும் குடும்பத்தின் அவலத்தைச் சொல்லில் வடிக்க இயலாது.

மஜ்ஜை மாற்றம்

பழுதான இரத்தத்தைப் படைக்கும் மஜ்ஜையை அகற்றிவிட்டு நல்ல மஜ்ஜையை வைத்தால் நோய் வேரோடு நீங்கும் அல்லவா? இந்த எண்ணத்தைச் செயலாக்கியவர் அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ். 1957-இல் தம் முதல் முயற்சிகளை அவர் வெளியிட்டார். தொடக்கத்தில் தோல்விகளே மிகுந்திருந்தன. ஒருவரின் மஜ்ஜையை மற்றவர் உடல் அந்நியமாகக் கருதித் தள்ளிவிடுவதும், புதிய மஜ்ஜையிலிருந்து பிறக்கும் வெள்ளையணுக்களே ஏற்றவரின் உடலைத் தாக்குவதும் அத்தோல்விகளுக்குக் காரணங்களாக இருந்தன. உயிரணுக்களின் மேற்புறத்தில் இருக்கும் அடையாளக் குறிகளே இந்தப் பகைக்கு மூலம் என்பது, பிரெஞ்சு அறிஞர் ழான் தோசே 1958-இல் தொடங்கி வைத்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. எச்.எல்.ஏ. எனப்படும் இக்குறிகள் பொருந்துவதையே திசுப் பொருத்தம் என்கிறோம். தோசேக்கு 1980-இலும் தாமஸுக்கு 1990-இலும் நோபல் பரிசு கிடைத்தது.

தலசீமியாவுக்கான மஜ்ஜை மாற்றம் 1981-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்தேறியது. இத்தாலியின் பெசாரோ என்னும் கடற்கரை நகரில் குய்தோ லூக்கரெல்லி என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு இச்சிகிச்சையை அளித்து ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கல்லீரல் வீங்காமலும், அதில் தழும்பு ஏறாமலும், இரும்பை அகற்றும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டும் வந்த குழந்தைகளுக்கே மிகச் சிறந்த பலன் கிட்டியது. சிகிச்சையைத் தள்ளிப் போடுவது ஆபத்து என்பதே இதன் கருத்து. நம் தமிழகத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் மஜ்ஜை மாற்றம் தொடங்கிற்று. தலசீமியாக் குழந்தைகளுக்கு அங்கே அன்று முதல் இச்சிகிச்சை அளிக்கப்பட்டு வருகிறது.

இதில் கத்தி வைத்து மஜ்ஜையை மாற்றுவதில்லை. நோயாளியின் பழைய மஜ்ஜையை வீரியமிக்க மருந்துகளால் அழித்துவிட்டு, கொடையாளரின் மூல உயிரணுக்களை இரத்தம் ஏற்றுவது போலவே நரம்பின் வழியே செலுத்துகிறார்கள். அவை தாமாகவே எலும்பைத் தேடிச் சென்று குடியேறுகின்றன. கொடையாளருக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை உறிஞ்சி எடுக்கப்படுகிறது. எடுத்த அளவு சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

பொருத்தமான கொடையாளர் கிடைப்பதே பெரும் இடையூறு. உடன்பிறந்தவரின் திசு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. பெற்றோரின் திசு பெரும்பாலும் பாதி அளவே பொருந்தும்.

கொடி இரத்தத்தின் வரவு

இந்த இடையூற்றுக்கு ஒரு மாற்று வழியாகவே கொடி இரத்தம் வந்து சேர்ந்தது. பிறந்த குழந்தையின் கொடி இரத்தத்தில் மூல உயிரணுக்கள் செறிந்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர் ஹால் பிராக்ஸ்மெயரும் அவருடைய குழுவினரும் ஆய்ந்து நிறுவினர். அவ்வேளையில் வட கரோலினா மாநிலத்தில் ஃபான்கோனி சோகை என்னும் கொடிய பரம்பரை நோயால் 5 வயதுச் சிறுவன் ஒருவன் வாடிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் மீண்டும் கருவுற்றிருந்தார். கருவில் இருந்த பெண் குழந்தைக்கு அந்நோய் இல்லை என்பதும், அதன் திசு அண்ணனுக்குப் பொருந்துகிறது என்பதும் பரிசோதனையில் தெரிய வந்தன. தங்கை பிறந்ததும் அவளுடைய கொடி இரத்தம் சேகரிக்கப்பட்டு, உறைநிலையில் காக்கப்பட்டு, பாரீஸ் மாநகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1988 அக்டோபரில் அங்குள்ள செயின்ட் லூயி மருத்துவமனையில் பெண் மருத்துவர் எலியான் க்ளுக்மான் அதனை அச்சிறுவனுக்குச் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான், வளர்ந்து ஆளானான்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அவனைக் காத்தது அவனுடைய சொந்தக் கொடி இரத்தம் அன்று, தங்கையின் கொடி இரத்தம். துண்டறிக்கைகள் சொல்லாமல் விட்டுவிடும் செய்தி இதுதான்.

பின்னர் 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க் இரத்த மையத்தில் பாப்லோ ருபின்ஸ்டைன் என்பவர் பொது வங்கி ஒன்றை நிறுவினார். பெற்றோர் விலை பெறாமல் வழங்கும் கொடி இரத்தத்தை எவருக்கேனும் பயன்படட்டும் என்று காத்து வைக்கும் வங்கி அது. உலகெங்கும் இதுவரை 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொடி இரத்த மாற்றங்கள் நடந்துள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பிறர் கொடுத்த இரத்தத்தால் நடந்தவையே.

கொடி இரத்தத்தின் நன்மைகள் பல. அதனைச் சேகரிப்பதால் தாய்க்கும் சேய்க்கும் வலி இல்லை. திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பல்லாண்டு காக்கலாம். அதிலுள்ள வெள்ளையணுக்கள் முதிர்ச்சி அடையாதவை. ஆகவே ஏற்றவரின் உடலைத் தாக்கும் தொல்லை குறைவு. திசுப் பொருத்தத்தில் சிறு குறை இருந்தாலும் பாதகமில்லை. குறைகளும் உண்டு. ஒரு கொடியில் கிடைக்கும் உயிரணுக்கள் மஜ்ஜையில் எடுப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆதலால் சிறு குழந்தைகளுக்குப் போதுமானது பெரியவர்களுக்குப் போதாமல் போகிறது. புதிய உயிரணுக்கள் வேரூன்றவும் கூடுதல் நாட்கள் ஆகின்றன. அந்நாட்களில் தொற்று நோய் தாக்கும் அபாயம் மிகுதி.

தலசீமியாவில் இதன் பயன் என்ன? உடன்பிறந்தோர் கொடுத்த மஜ்ஜையையும் கொடி இரத்தத்தையும் ஒப்பிட்ட ஓர் ஐரோப்பிய ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. மஜ்ஜை பெற்ற தலசீமியா நோயாளிகளில் 100-க்கு 86 பேரும், கொடி இரத்தம் பெற்றவர்களில் 100-க்கு 80 பேரும் ஆறாண்டுகள் கழித்தும் நோயின்றி வாழ்ந்தனர். உறவல்லாதவரின் கொடி இரத்தத்தைத் தலசீமியாவுக்குப் பயன்படுத்தியபோதோ பலன் திருப்தியாக இல்லை. பலருக்கு அது வேரூன்றவே இல்லை.

தன் இரத்தம் தனக்கு உதவாதது ஏன்?

தலசீமியாவோடு பிறக்கும் குழந்தையின் உடலில் உள்ள ஒவ்வொரு மூல உயிரணுவிலும் அதே பழுதான மரபணு இருக்கிறது. அதன் கொடி இரத்தத்திலும் அப்பழுதே இருக்கிறது. உளுத்த விதையைப் பத்தாயத்தில் பத்திரப்படுத்தி மறு ஆண்டு விதைத்தால் நல்ல பயிர் விளையுமா? இரத்தப் புற்றுநோயிலும் இத்தகைய தடை உண்டு. பிற்காலத்தில் நோயாக வெடிக்கும் மாறுதல் சில குழந்தைகளின் கொடி இரத்தத்திலேயே ஒளிந்திருக்கிறது. ஆகவே மருத்துவர்கள் பிறருடைய உயிரணுக்களையே நாடுகிறார்கள்.

இதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், தன் சொந்தப் பயனுக்காகக் கொடி இரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று தெளிவுபடுத்தியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் அதே ஆண்டில், தனியார் சேமிப்பைக் காட்டிலும் பொது வங்கிக்குக் கொடுப்பதே சிறந்தது என்று அறிவுறுத்தியது.

'எங்களிடம் சேமித்தவர்கள் அனைவரின் இரத்தமும் ஒரே தொகுப்பு. எவரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று கூறும் திட்டங்களும் இப்போது வந்துள்ளன. தனக்கெனப் பூட்டி வைப்பதைவிட இது மேலானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உறவல்லாதவரின் கொடி இரத்தம் தலசீமியாவுக்கு எந்த அளவு பயன்பட்டது என்பதை மேலே கண்டோம். பணம் கட்டும் முன் எந்த நோய்க்கு, எத்தனை பேருக்கு இதுவரை பயன்பட்டுள்ளது என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நல்லது.

நோயாளியின் சொந்த மூல உயிரணுக்களை வெளியே எடுத்து மரபணுவைத் திருத்தி மீண்டும் செலுத்தும் சிகிச்சையும் வந்துவிட்டது. 2023-இல் பிரிட்டனும் அதனைத் தொடர்ந்து அமெரிக்காவும் இதற்கு அனுமதி அளித்தன. இதற்கான உயிரணுக்கள் நோயாளியின் உடலிலிருந்தே அவ்வேளையில் எடுக்கப்படுகின்றன. சேமித்த கொடி இரத்தம் தேவைப்படுவதில்லை. அமெரிக்காவில் இதன் விலை 20 இலட்சம் டாலருக்கும் மேல்.

அப்படியானால் கொடி இரத்தத்தைச் சேமிக்கவே கூடாதா? சேமிக்க வேண்டிய வேளை ஒன்று உண்டு. வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை தலசீமியா போன்ற நோயால் வருந்தும்போது அடுத்த குழந்தை பிறக்குமானால், அதன் கொடி இரத்தத்தை மருத்துவரின் ஆலோசனைப்படி அவசியம் சேமிக்க வேண்டும். அதிலும் கணக்கு அறிந்து நடக்க வேண்டும். பெற்றோர் இருவரும் பழுதைச் சுமப்பவர்களாயின் புதிய குழந்தைக்கு அந்நோய் இல்லாதிருக்க நான்கில் மூன்று வாய்ப்பு. திசு பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. ஹீமோகுளோபின் பழுது 11-ஆவது குரோமோசோமிலும், திசுக் குறிகள் 6-ஆவது குரோமோசோமிலும் இருப்பதால் ஒன்றை ஒன்று சார்ந்திருப்பதில்லை. ஆக, இரண்டும் கூடி வர 16-இல் 3 வாய்ப்பே உண்டு. இன்னொரு பிள்ளை பெற்றால் மூத்தது பிழைத்துவிடும் என்று நம்பி இறங்கும் குடும்பம் இந்தக் கணக்கை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இரண்டாவது குழந்தையும் நோயோடு பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறதே!

இன்னொன்றும் உண்டு. கொடியிலுள்ள இரத்தத்துக்கு முதல் உரிமை பிறந்த குழந்தைக்கே. கொடியை உடனே இறுக்காமல் குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்தால் குழந்தைக்கு இரும்புச் சத்து கூடுதலாகக் கிடைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதிகம் சேகரிக்க வேண்டும் என்பதற்காகவே கொடியை அவசரமாக இறுக்குவது முறையன்று.

மார்க்கம் என்ன சொல்கிறது?

பிறர் உடலின் இரத்தத்தையும் மஜ்ஜையையும் ஏற்கலாமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதுண்டு. மக்காவிலுள்ள ராபிதா அமைப்பின் ஃபிக்ஹு பேரவை, பெற்றோர் இசைவுடன் கொடி இரத்தத்திலிருந்து மூல உயிரணுக்களை எடுத்துச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவது ஆகும் என்று 2003 டிசம்பரில் தீர்மானித்தது. இரத்தம் கொடுத்தால் பால்குடி உறவு போல் திருமணத் தடை ஏற்படுமோ என்ற ஐயத்துக்கும் 1989-இலேயே அப்பேரவை விடை கூறியுள்ளது. அத்தடை பாலூட்டுவதற்கு மட்டுமே உரியது. இரத்தம் ஏற்றுவதால் அது உண்டாகாது.

வரும்முன் காக்கும் வழி

மஜ்ஜையோ கொடி இரத்தமோ, எதுவாயினும் நோய் வந்தபின் செய்யும் பெருஞ்செலவு. நோயே வராமல் தடுக்கச் சிறு செலவு போதும். பழுதைச் சுமக்கும் இருவர் மணம் புரிந்தால் மட்டுமே தலசீமியா மேஜர் குழந்தை பிறக்கும். ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் மணப்பது நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் ஒரே பாட்டனார் வழி வந்த மாமன் மகளும் மாமி மகனும் ஒரே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பு அந்நியரைக் காட்டிலும் அதிகம். சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் குடும்பங்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஹீமோகுளோபின் ஏ2 அளவைக் காட்டும் ஓர் இரத்தப் பரிசோதனை போதும். சுமப்பவர் யார் என்பது தெரிந்துவிடும். சாதாரண இரத்தச் சோதனையில் சிவப்பணுக்கள் சிறுத்துக் காணப்பட்டால் இரும்புச் சத்துக் குறைவு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவோர் உண்டு. மாத்திரையால் குணம் காணாதபோது இப்பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஈரான் 1997 முதல் நாடு முழுவதும் திருமணத்துக்கு முன் தலசீமியாப் பரிசோதனையை நடைமுறைப்படுத்தியது. சவூதி அரேபியா 2004-இல் அதனைக் கட்டாயமாக்கியது. சைப்ரஸ் தீவில் கிரேக்கர், துருக்கியர் ஆகிய இரு சமூகத்தாரும் 1970-களிலிருந்து இவ்வழியைப் பின்பற்றியதால், அங்கே இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் அரிதாகிவிட்டனர். அந்த நாடுகள் செய்ததை நம் ஜமாஅத்துகளும் செய்யலாம். நிக்காஹ் பதிவுக்கு வரும் இரு வீட்டாரிடமும் இப்பரிசோதனையை எடுத்துச் சொல்லலாம். பள்ளிவாசல் வளாகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை முகாம் நடத்தலாம். பெண் பார்த்துப் பேசி முடித்த பிறகு அன்று, பேச்சுத் தொடங்கும் முன்பே சோதித்துக்கொண்டால் எவர் மனமும் நோகாது. சுமப்பவர் என்று தெரிந்தவரைக் குறையுள்ளவராகப் பார்ப்பது பெரும் பாவம். அவர் பழுதைச் சுமக்காத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுக்கு அந்நோய் வராது.

நோயுற்ற பிள்ளை ஏற்கெனவே உள்ள வீட்டார் காலம் தாழ்த்தாமல் உடன்பிறந்தோர் அனைவருக்கும் திசுப் பொருத்தம் பார்க்க வேண்டும். பொருத்தமான உடன்பிறப்பு இருந்து பொருள் வசதி இல்லையெனில், கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியுதவியுடன் 2017-இல் தொடங்கப்பட்ட தலசீமியா பால் சேவா யோஜனா பற்றி மருத்துவமனையில் விசாரிக்கலாம். 10 இலட்சம் ரூபாய் வரை உதவி தரும் திட்டம் அது. உடல் நலமுள்ள இளைஞர்கள், 2009-இல் சென்னையில் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளில் பெயர் கொடுக்கலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தால் போதும். திசுக் குறிகள் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், நம் மக்களுக்குப் பொருந்தும் கொடையாளர் நம் மக்களிடையேதான் பெரும்பாலும் கிடைப்பர்.

துண்டறிக்கையோடு வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்தக் குழந்தைக்குத் தலசீமியா இருந்தால் இதன் சொந்தக் கொடி இரத்தம் இதனைக் குணப்படுத்துமா?' அவர் சொல்லும் விடையைக் கேட்ட பின் உங்கள் பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்யுங்கள்.